உறைக்குள் இருந்த ஆட்டம்

மதியம் சதுரங்க ஆட்டம் பாதியில் நின்றபோது, லமாரா விதிப்படி தன் அடுத்த நகர்த்தலை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஐந்து மணிக்கு உறையைப் பிரிப்பார்கள். ஜெயித்தால் குத்தாயிசி நகரப் பட்டம் அவளுக்கு.

“என்ன எழுதினே?” என்றான் கணவன் குராம், பாலாடைக்கட்டி ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தபடி.

“சொல்லக் கூடாது.”

“நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? குதிரையா, யானையா?”

“சாப்பிடு, ஆறுது.”

“இறங்கினாத்தானே சாப்பிட? பத்து வருஷம் குடும்பம் நடத்தியும் என்மேல நம்பிக்கை இல்ல.”

“மத்த எல்லாத்துலயும் இருக்கு.”

“சும்மா ஜாடையாவது காட்டேன்.”

“இது பொம்பளைங்க செஸ் உலக சாம்பியன் பொறந்த ஊரு, குராம். இங்க பொம்பளைங்க காயத்தான் நகர்த்துவாங்க, வாயத் திறக்க மாட்டாங்க.”

ஐந்து மணிக்கு இருவரும் ஒன்றாகவே மன்றத்துக்கு நடந்து போனார்கள். லமாரா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவர் உறையைப் பிரித்து, அவளுடைய யானையை நகர்த்திவைத்து, எதிரே உட்கார்ந்திருந்த குராமின் ஆட்டக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

குராம் வெகுநேரம் பலகையையே பார்த்தான். பிறகு தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு, மனைவியிடம் கை நீட்டினான்.