சூடாகாத சர்வர்

கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலையில் அடிக்கடி நின்றுபோகும் பழைய கணினி சர்வருக்குப் பதிலாகப் புதிது தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள் ரெஜினா. "இந்த மாடல் எவ்வளவு ஓடினாலும் சூடே ஆகாது," என்று பெருமையாகப் படத்தைக் காட்டினாள். அலுவலகத்தில் ஒருவர் முகமும் மலரவில்லை. பழைய சர்வரின் பின்பக்கம் கைகளை நீட்டியபடி நின்றிருந்த கணக்கர் பெள்ளி, "அப்போ நாங்க எங்கே போய்க் குளிர் காயறது மேடம்?" என்றார்.

"இது அடுப்பு இல்லை சார்!" என்று சீறிய ரெஜினாவுக்கே பல் தந்தியடித்தது. வெளியே மழை வலுத்திருந்தது. பெள்ளி நகர்ந்து இடம் விட்டார். அவள் தயங்கித் தயங்கிக் கைகளை நீட்டினாள். வெதுவெதுப்பு முழங்கைவரை ஏறியது. சற்று நேரம் கண்ணை மூடி நின்றவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இதைவிட நல்லாச் சூடாகிற மாடல் ஒண்ணு இருக்கு சார். பார்க்கறீங்களா?"