ஒரே ஒரு 'தப்பு'

ஆன்லைனில் பாலே நடனம் சொல்லித்தரும் டீச்சர் ஸ்டெஃபினாவின் மைக்கில் பள்ளி ஒரு 'இனிப்பான்' பொருத்தியிருந்தது. கற்பிக்கும் திறனை வளர்க்கவாம். சென்னையில் அவள் "கூன் போடாதடி" என்று கத்தினால், திருப்பூரில் திரைக்கு முன்னால் ஆடும் யாழிசைக்கு "முதுகு என்ன அழகு!" என்று கேட்கும்.

அன்று யாழிசை நுனிக்காலில் எழும்பியபோது கணுக்கால் பக்கவாட்டில் சாய்ந்தது. ஸ்டெஃபினா பதறிப்போய்க் கத்தினாள். பாராட்டு கேட்ட குஷியில் குழந்தை இன்னும் உயர எழும்பினாள். வேறு வழியின்றி இனிப்பானிடமே பேரத்தில் இறங்கினாள் டீச்சர்.

"ஒரே ஒரு 'தப்பு' மட்டும் அப்படியே விட்டுடுப்பா."

"'இன்னும் அழகா செய்யலாம்' தரட்டுமா மேடம்?"

"வேணாம். 'நிறுத்து'ன்னாவது சொல்லித் தொலை!"

"கட்டுப்படியாகாது மேடம், பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. 'மெதுவா, கண்ணு' வேணும்னா தரேன்."

"சரி, அதையாவது குடு!"

பேரம் படிந்த அதே நொடியில் அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம். யாழிசை காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"நல்லாருக்குன்னுதானே மிஸ் சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லடி!" என்று அலறினாள் ஸ்டெஃபினா.

அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்யூ மிஸ்" என்று மறுபடியும் எழுந்திருக்கப் பார்த்தாள்.