'இன்'னா, 'ஆன்'னா?

"இந்தத் தடவையும் கோட்டை விட்டியோ, வர்றவங்களோட உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுடுவேன். அப்புறம் அழக் கூடாது" என்று காலையிலேயே மகள் ஷாஹ்லோவிடம் சொல்லிவிட்டாள் ஹுர்மத்.

இரு வீட்டாரும் ரொட்டியைப் பிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் தாஷ்கெண்டில் மேற்படிப்பு. தேறாவிட்டால் பொஷ்ஷாகான் அக்காவுக்கு மருமகள். மத்தியானம் போனில் முடிவு வந்துவிடும்.

ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். ஒருமைக்கு 'இஸ்', பன்மைக்கு 'ஆர்' என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. காலை வாரியது 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும்தான். எது எங்கே வரும் என்பதற்குப் பாழாய்ப்போன விதி ஒன்றும் உருப்படியாகக் கிடையாது, உருப்போட வேண்டியதுதான். முற்றத்தில் நடந்து நடந்து அவள் உருப்போடும்போதெல்லாம் ஹுர்மத் கேலி செய்வாள்.

"நாள் பூரா இன்னு, ஆன்னுன்னு கத்தினா அடுப்புல புலாவ் வெந்துடுமா?"

பொஷ்ஷாகான் அக்கா வந்து, மெத்தையில் சாய்ந்து உலர்ந்த திராட்சையைக் கொறித்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. ஷாஹ்லோ எடுத்துப் பார்த்தாள். இரண்டே மதிப்பெண் குறைவு. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"தோத்துட்டியா? விடு கண்ணு, நல்லதாப் போச்சு" என்றாள் பொஷ்ஷாகான் அக்கா.

தன் வீட்டுக்கு வருகிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு, விடிகாலையில் எழுந்து முற்றம் கூட்டி மாட்டைக் கறந்தால் போதாதா என்று கேட்டாள். படித்த பெண் எதிர்த்துப் பேசுவாளே என்று இத்தனை நாள் உள்ளூரப் பயந்துகொண்டிருந்ததாகவும் சொல்லிச் சிரித்தாள்.

"அந்தப் புஸ்தகம் அடுப்புப் பத்தவைக்க ஆகும். ரொட்டியை எடுங்க, ஹுர்மத்."

ஹுர்மத்தும் சிரித்தாள். "முதல்ல டீ குடிங்க, அக்கா."

ஷாஹ்லோ கிண்ணத்தில் கால்வாசி ஊற்றி நீட்டினாள். ஹுர்மத் குறுக்கே கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"இவங்களுக்கு இப்படியா ஊத்தறது?"

கெட்டிலையும் மகளிடமிருந்து பிடுங்கி, விளிம்பு தொட்டுத் தளும்பத் தளும்ப ஊற்றி, விருந்தாளியின் முன்னால் வைத்தாள்.

ஷாஹ்லோவுக்கு அழுகை வந்துவிட்டது. பொஷ்ஷாகான் அக்கா கிண்ணத்தைத் தொடவே இல்லை. முகம் கறுத்துப்போய்ச் சால்வையைத் தேடினாள்.

அவர்கள் ஊரான மர்கிலானில் மரியாதைக்குரிய விருந்தாளிக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். விளிம்பு வரை ஊற்றினால், 'எழுந்து நடையைக் கட்டு' என்று அர்த்தம்.