ரீட் எர்ரர்

“உன் ஃப்ளாப்பி படிக்கலைம்மா. ரீட் எர்ரர்னு வருது.”

பேச்சிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு நடத்த வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்தவர். வந்ததிலிருந்து யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

தேர்வுக்கு உட்கார்ந்திருந்த அன்னக்கொடிக்கு முகம் வெளுத்துப்போனது.

“நேத்து சாயங்காலங்கூட படிச்சுச்சு சார்.”

லேப் பொறுப்பாளர் தவசி ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அவள் பல மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் அந்த ஃப்ளாப்பியில்தான் இருக்கிறது. இன்னொரு ஃப்ளாப்பி வாங்க அவளுக்கு வழியில்லை. மெஷினில் இருந்ததையும் தேர்வு விதிப்படி தவசியே அழித்திருந்தான்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஃப்ளாப்பியைப் படிக்கும் டிரைவின் ஹெட்டைத் துடைத்துக் கொடுத்தான். பேச்சிமுத்து மறுபடி கட்டளை அடித்தார். எர்ரர். பக்கத்து மெஷினில் போட்டார். அங்கேயும் அதே கதை.

“சார், நான் ஒருவாட்டி அடிச்சுப் பாக்கவா? இந்த யூனிக்ஸ் மெஷினு எனக்குப் பழக்கம்.”

“தேர்வு நடக்கையில லேப் ஆளுங்க கீபோர்டைத் தொடக்கூடாது. தள்ளி நில்லுங்க.”

சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் உள்ளே வந்தார்.

“நம்ம அன்னக்கொடிக்கா பிரச்சினை? பாவம் சார். சோழவந்தான்லருந்து தினம் பஸ்ல வர்ற பொண்ணு. அவங்கம்மா வெத்திலைக் கொடிக்கால்ல கூலிக்குப் போறாங்க. பாத்துப் பண்ணுங்க.”

அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது தவசிக்கு.

“உட்காருங்க சார். இருந்து பாத்துட்டே போங்க” என்ற பேச்சிமுத்து, அன்னக்கொடி பக்கம் திரும்பினார். “புரோகிராம் எதைப் பத்தி?”

“கொடிக்காலுக்குத் தண்ணி முறை போடுறது சார். யாருக்கு எந்நேரம் மடை திறக்கணும்னு...”

“சரி. இங்கேயே புதுசா எழுது. எந்தப் பேப்பரையும் பாக்கக்கூடாது.”

“அம்புட்டையுமா சார்?”

“முறை போடுற பகுதி ஓடினாப் போதும்.”

தவசிக்குப் பொறுக்கவில்லை. “மெஷினு செஞ்ச தப்புக்குப் புள்ளையத் தண்டிக்கிறீங்களே சார்.”

பேச்சிமுத்து கீபோர்டை அன்னக்கொடி பக்கம் நகர்த்தினார்.

அவள் எழுத ஆரம்பித்தாள். அடித்ததை அழித்தாள், அழித்ததை அடித்தாள். தாவணித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக முடித்துப் போய்விட்டார்கள். தவசி சன்னலோரம் நின்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டான்.

முதல் தடவை ஓட்டியபோது எங்கோ பிழை. உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினாள், திருத்தினாள். அடுத்த தடவை, இன்னாருக்கு இன்ன நேரம் என்று திரையில் வரிசையாக வந்து விழுந்தது.

பேச்சிமுத்து ஒரு வரியைக் காட்டி ஏதோ கேட்டார். தயங்காமல் பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அதற்கும் சொன்னாள்.

“பரவாயில்லையே” என்றபடி துறைத் தலைவர் எழுந்து போனார்.

“போயிட்டு வாம்மா. பாஸ்” என்றார் பேச்சிமுத்து.

“ஓடிருச்சுண்ணே” என்று தவசியிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள் அன்னக்கொடி.

லேப் காலியானதும் தவசி அந்த ஃப்ளாப்பியை அதே மெஷினில் போட்டான். தான் வழக்கமாக அடிக்கும் கட்டளையை அடித்தான்.

ஒரு திக்கல் இல்லாமல் படித்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. எந்த வகை ஃப்ளாப்பி என்று யூனிக்ஸுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். வேறு வகையின் பெயரைக் கொடுத்தால் நல்ல ஃப்ளாப்பியும் எர்ரர்தான் காட்டும். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றான்.

“வேணும்னேதான சார் தப்பா அடிச்சீங்க? அந்தப் புள்ள உங்களுக்கு என்ன சார் பண்ணுச்சு?”

பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணும் பண்ணலை. காலைல நான் வந்து இறங்கினதும் உங்க துறைத் தலைவர் தனியாக் கூப்பிட்டு, ‘அந்தப் பொண்ணு புரோகிராம் அவ எழுதினதில்லை, லேப்ல இருக்கிற தவசி எழுதிக் கொடுத்தது, பாஸ் போட்டுடாதீங்க’ன்னார். அதான் தம்பி, அவரையே உட்கார வச்சு, அவர் கண்ணு முன்னாடியே எழுத வச்சேன்.”