ஒரு மடக்குத் தண்ணீர்

ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் நகரில் ஒரு முதியோர் இல்லம். ஜன்னல் வழியே காலை வெயில் கட்டிலில் கொட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில், பிலிப்பைன்ஸின் பட்டான் காட்டில் அமெரிக்கர்களோடு தோளுரசி நின்று ஜப்பான் படையைச் சுட்ட பிலிப்பினோ சிப்பாய் டோமிங்கோவுக்கு இப்போது நூற்று மூன்று வயது. சுட்ட அதே கை நர்ஸ் எலிசாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிறது. "தண்ணி, மேடம். ஒரே ஒரு மடக்கு." குடித்தால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும், வாய்வழியாக எதுவும் கூடாதென்று டாக்டர் உத்தரவு. "பாவம் பாத்துக் குடுத்துராதீங்கக்கா," என்கிறான் சக நர்ஸ் பெனிஷ். "லைசென்ஸ் போச்சுன்னா நேரா நாகர்கோவில்தான்." பிழிந்தெடுத்த பஞ்சுக் குச்சியால் எலிசா அவர் உதட்டைத் துடைக்கிறாள். கிழவர் பஞ்சைக் கவ்விச் சப்புகிறார். பெனிஷ் தாடையை அழுத்த, அவள் வெடுக்கென்று உருவுகிறாள். டோமிங்கோவின் கண்களில் பழைய பயம் ஏறுகிறது. சரணடைந்தவர்களை வெயிலில் நடத்திப் போனபோது, தண்ணீர் கேட்ட நண்பன் பில்லியை ஜப்பான் காவலன் குத்திக் கொன்றதை அவளிடம் எத்தனையோ முறை அழுது சொல்லியிருக்கிறார். இப்போது அழவில்லை. அந்தக் காவலனே எதிரில் நிற்பதுபோல் எலிசாவுக்குத் தலை தாழ்த்தி வணங்குகிறார். காலியாகக் கிடக்கும் பக்கத்துக் கட்டிலை நோக்கி விரலை நீட்டுகிறார். "நான் கேக்கல, சார். பில்லிதான் கேட்டான்."