வெள்ளை பூசிய கரி

நிலக்கரி ஏற்றிய ரயில் வேகன்களின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. யாராவது ஒரு கட்டியை எடுத்தாலும் அந்த வெள்ளைப் பரப்பில் கறுப்பாகக் குழி தெரிந்துவிடும். ஒருநாள் அப்படி ஒரு குழியை நான்தான் பார்த்தேன். நான்தான் எழுதியும் கொடுத்தேன். காவலுக்கு நின்ற வேலாண்டியைத் திருடன் என்று, விசாரணைகூட இல்லாமல் அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எங்கள் அடுப்போரத்தில் நாலு கட்டிகள், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக. "பிள்ளைக்குக் காய்ச்சல், வெந்நீர் வைக்க விறகு இல்ல. நான்தான் எடுத்தேன்னு போய்ச் சொல்லிடுங்க" என்றாள் என் மனைவி சரோஜினி. நான் போகவில்லை. வெள்ளைப் பக்கம் தீயில் படும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். அந்த ரயில் பாதையை மூடி முப்பது வருடம் ஆகிறது. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் வரலாற்றை எழுதப்போவதாக இன்று ஒரு பெண் வந்திருந்தாள். "அத்தனை வருஷத்துல திருட்டுன்னு ஒரே ஒரு கேஸ்தான் சார் ரெக்கார்டுல இருக்கு. அந்த வேலாண்டி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "நல்ல மனுஷன்தாம்மா" என்றேன். "கைதான் கொஞ்சம் சுத்தமில்ல." சரோஜினி இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். ஒன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். இன்னொன்றை ஆளில்லாத மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.