குறுக்கே கிடந்த ஐந்து மூட்டை

கலையரசன் பிரேக்கை ஏறி மிதித்தான். டயர் நாலும் கத்தின. இருந்தும் கார் வழுக்கிக்கொண்டே போய், ரோட்டின் குறுக்கே வரிசையாகக் கிடந்த ஐந்து சாக்கு மூட்டைகளில் மூக்கைக் குத்தித்தான் நின்றது.

நெற்றி, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் இறங்கிக் காரைப் பார்த்தான். அப்போதுதான் வலித்தது. முன் பம்பர் இரண்டாகப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பழசாக வாங்கி, மூன்று வருஷமாகத் தன் கையாலேயே இழைத்தவன் அவன். கள்ளக்குறிச்சியில் டைல்ஸ் கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்குத்தான். ஸ்பிரிங்கை மாற்றி, தரைக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும்படி இறக்கியிருந்தான். சைலன்சரை மாற்றி, உறுமினால் அடுத்த மலைக்குக் கேட்கும்படி செய்திருந்தான். பம்பர் மும்பையிலிருந்து வர ஐந்து மாதம் காத்திருந்தான். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்கூட இவ்வளவு பொறுமையாக நிற்கவில்லை என்பது மனைவி பவானியின் புகார்.

ஞாயிறு விடிந்தால் கல்வராயன் மலை. வளைவுக்கு வளைவு கியர் மாற்றி ஏறுகிற அந்த சுகத்துக்காகவே வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பான்.

"எவன்யா இத வெச்சது?" என்று கத்தினான்.

ரோட்டோரம் நின்றிருந்த பெண் ஓடி வந்தாள். சேலை தொப்பலாக நனைந்திருந்தது.

"நான்தாங்க சார். அடி கிடி பட்டுச்சாங்களா?"

முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. பொன்னாயி என்று இந்த ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள். போன வாரம் இதே இடத்தில், "மெதுவாப் போங்க சார், புள்ளைங்க நடக்கிற ரோடு" என்று கை காட்டியவள். அவன் வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை மிதித்து, தேங்கி நின்ற சேற்றை அவள் மேல் வாரி அடித்துவிட்டுப் போனான். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தும் வைத்தான்.

"ஓகோ, பழி வாங்கறியா? உன் சேலையில சேறு பட்டதுக்கு என் வண்டிய ஒடச்சிட்டியே! இது இன்னா வண்டின்னு தெரியுமா உனக்கு?"

"ஐயோ, அதுக்கில்லீங்க சார்..."

"பேசாத! கீழ் வளைவுல தழைய ஒடிச்சி ரோடு பூரா போட்டதும் நீதான? வண்டி அடியெல்லாம் ஒரசிப் போச்சு!"

"அது எங்க வூட்டுக்காரரு போட்டாருங்க."

இவ்வளவு தைரியமாக ஒத்துக்கொள்கிறாளே! அவனுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

"பாருங்க மக்களே, மலை ஜனங்க நல்ல ஜனங்கன்னு நான் சொல்லிக்கினு இருந்தேன். இந்தம்மா பண்ண வேலையப் பாருங்க. திட்டம் போட்டு என்னைக் கொல்லப் பாத்துருக்கு!"

பொன்னாயி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சார், ஒரே ஒரு நிமிசம் வளைவுக்கு அந்தாண்ட வந்து பாருங்க."

"வரேன். அங்க சிக்னல் கெடைச்சா மொதல் போன் போலீசுக்குத்தான்."

விறுவிறுவென்று நடந்தான். வளைவைத் திரும்பினான்.

ரோட்டைக் காணோம்.

பத்தடி முன்னால் தார் பாதியில் முடிந்துபோயிருந்தது. ராத்திரி மழையில் சரிவு அப்படியே கழன்று, ரோட்டையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது. வெகு ஆழத்தில், தடுப்புச் சுவரின் ஒரு துண்டு மரக்கிளையில் மாட்டிக்கொண்டு நின்றது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இந்த வளைவை எந்த வேகத்தில் எடுப்பான் என்று அவனுக்குத்தானே தெரியும்! கையில் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த பொன்னாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"விடியக்காலம் சரிஞ்சிடுச்சிங்க. ரோட்ல தழை கெடந்தா முன்னால ஆபத்துன்னு அர்த்தம். மலையில ஓட்டுறவங்க அதப் பாத்தா நின்னுடுவாங்க. மொத பஸ்சு அங்கயே நின்னுடும். நீங்க நிக்க மாட்டீங்களோன்னு எனக்கு மனசு கேக்கல. ஞாயித்துக்கெழம வேற. கத்துனா உங்க வண்டி சத்தத்துல கேக்காது. கை காட்டுனா..."

மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். கலையரசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து காருக்கு வந்தான். பின்னால் தள்ளுவதற்காக, பம்பருக்கு அடியில் சிக்கியிருந்த மூட்டையைப் பிடித்து இழுத்தான். கிழிந்த சாக்கிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மணல்தானே என்று கையில் அள்ளியவன் அப்படியே நின்றுவிட்டான்.

சாமை. பாதி நனைந்து, பாதி சேற்றில் கலந்து ரோடெங்கும் சிதறிக் கிடந்தது.

"அக்கா, இது..."

"எங்க காட்டுல வெளஞ்சதுங்க. வருசத்துக்கும் இதான் சாப்பாடு."

"இதையா கொண்டாந்து ரோட்ல போட்டீங்க? மலையில கல்லுக்கா பஞ்சம்? நாலு கல்ல உருட்டி வெச்சிருக்கலாமே!"

"உருட்டத்தான் போனோம் சார்," என்றாள் பொன்னாயி. "கல்லுல மோதுனா உங்களுக்கு அடிபடுமேன்னுதான் வுட்டுட்டோம்."